பழைய இரும்புக் கடைக்கு முன் ஒரு காந்தம்

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டை ஒழித்தபோது நசுங்கிய பித்தளை, அலுமினியச் சட்டி, அறுந்த மின்கம்பி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தன. அப்படியே எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளைபோலப் பளபளத்தும் ஒட்டிக்கொண்டால், உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. ஒட்டாததை அரத்தால் லேசாகத் தேயுங்கள்: சிவந்தால் செம்பு, மஞ்சளித்தால் பித்தளை. வெள்ளையாக, கைக்கு லேசாக இருந்தால் அலுமினியம். (ஆச்சி காலத்து அண்டாவை மட்டும் விற்காதீர்கள், வெள்ளீயம் பூசினால் பேத்திக்கும் உழைக்கும்.)

அலுமினியத்தைக் கட்டாயம் தனியாகக் கொடுங்கள். பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே பழையதை உருக்கப் போதும். அந்தப் பாக்சைட்டுக்காகத்தான் நம் கொல்லிமலையையும் சேர்வராயன் மலையையும் வெட்டினார்கள். செம்பும் அப்படித்தான்: 1 டன் தாதுவை வெட்டினாலும் பல சுரங்கங்களில் 10 கிலோகூடத் தேறாது.

மின்கம்பியை எரித்துச் செம்பு எடுக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. கத்தியால் நீளவாக்கில் கீறினால் உறை வாழைநார்போல உரிந்து வந்துவிடும்.