ஓராண்டில் கேட்ட ஆல்பங்களிலிருந்து உங்கள் பட்டியல்: தயாரிப்பதும் பகிர்வதும்

நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை தன் ஆண்டுச் சுருக்க அட்டைகளை வெளியிட்டுவிடுகிறது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது கொஞ்சமும் பொருந்தாத நேரம். மார்கழிக் கச்சேரிகள் சூடுபிடிப்பதற்கு முன்பே ஆண்டுக் கணக்கு முடிந்துவிடுகிறது. பலர் ஆண்டிலேயே மிக அதிகமாக இசை கேட்கும் வாரங்கள் அதில் சேர்வதே இல்லை. ஆகவே டிசம்பர் 31 வரை கேட்டுவிட்டு, ஜனவரியில் நாமே பட்டியல் போடுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இது அந்த ஆண்டு வெளியான ஆல்பங்களின் பட்டியல் அல்ல. அந்த ஆண்டு நீங்கள் கேட்டவற்றின் பட்டியல். 1959இல் வந்த ஜாஸ் தட்டும் இருக்கலாம், போன மாதம் வந்த திரைப்பட ஆல்பமும் இருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்டிருக்க வேண்டும். ஒரே பாட்டை நூறு முறை கேட்டிருந்தால் அது பாட்டுப் பட்டியலுக்குப் போகட்டும்.

படி 1: கேட்ட வரலாற்றை வாங்குங்கள்

ஸ்பாட்டிஃபையில் உங்கள் கணக்கின் தனியுரிமைப் பக்கத்துக்குச் சென்றால் தரவுகளைக் கேட்டுப் பெறும் வசதி இருக்கிறது. பலர் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நானும் இங்கே நெடுநேரம் நின்றேன். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. முதலில் கண்ணில் படுவது கணக்குத் தரவு. அது சில நாள்களில் வந்துவிடும். கடந்த ஓராண்டு வரலாறும் அதில் இருக்கும். ஆனால் அதில் பாட்டின் பெயர், கலைஞர் பெயர், கேட்ட நேரம், எவ்வளவு நேரம் ஓடியது ஆகிய நான்கு விவரங்கள் மட்டுமே இருக்கும். ஆல்பத்தின் பெயர் இருக்காது. ஆல்பம் பட்டியல் போட அது உதவாது.

நமக்கு வேண்டியது விரிவான கேட்பு வரலாறு. அந்தத் தொகுப்புக்கு மட்டும் டிக் செய்து மற்றவற்றை எடுத்துவிடுங்கள். விண்ணப்பித்தவுடன் உறுதி செய்யச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். அதில் இருக்கும் இணைப்பை அழுத்தினால்தான் வேலை தொடங்கும். பிறகு 30 நாள்கள் வரை ஆகலாம். எனவே புத்தாண்டு அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கோப்பு தயாரானதும் வரும் இணைப்பு காலாவதியாகிவிடும். வந்த அன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த விரிவான கோப்பில் நீங்கள் பயன்படுத்திய இணைய இணைப்பின் முகவரி (ஐபி), கருவி, நாடு எல்லாம் வரிக்கு வரி பதிவாகியிருக்கும். கோப்பைப் பதிவேற்றினால் அழகான வரைபடம் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்கள் நிறைய உண்டு. அவற்றிடம் இதை அப்படியே கொடுக்காதீர்கள். கணக்கை நம் கணினியிலேயே போடலாம்.

படி 2: எக்செல்லுக்குள் கொண்டுவருவது

கோப்புகள் ஜேசன் வடிவத்தில் இருக்கும். லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் எனக்குப் பிடிக்கும் என்றாலும் இந்த வேலைக்கு விண்டோஸ் எக்செல்லைத்தான் பரிந்துரைப்பேன். ஜேசன் கோப்பை நேராகத் திறக்கும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது. 'டேட்டா' பட்டியலில் 'கெட் டேட்டா', அதில் 'ஃப்ரம் ஃபைல்', அதில் 'ஃப்ரம் ஜேசன்'. பெயரில் அந்த ஆண்டு வரும் ஆடியோ கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும்.

பத்திகளில் ஆறு போதும்: நேரம், கருவி, ஓடிய மில்லி விநாடி, பாட்டு, ஆல்பம், ஆல்பத்தின் கலைஞர். மற்றவற்றை நீக்கிவிடலாம். முப்பதாயிரம் மில்லி விநாடிக்குக் குறைவாக ஓடிய வரிகளையும் வடிகட்டி எடுத்துவிடுங்கள். அரை நிமிடம்கூடக் கேட்காத பாட்டு நமக்குக் கணக்கில்லை.

நேரப் பத்தி கிரீன்விச் நேரத்தைக் காட்டும். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இதைச் செய்யாவிட்டால், புத்தாண்டு நள்ளிரவு முதல் விடியும் முன் ஐந்தரை மணி வரை கேட்டதெல்லாம் பழைய ஆண்டில் போய்ச் சேரும்.

படி 3: பெயர்களைச் சீராக்குவது

தமிழ்த் திரையிசை கேட்பவர்களுக்கு உண்மையான உழைப்பு இங்கேதான். ஒரு படத்தின் பாட்டுகள் இப்போதெல்லாம் ஒவ்வொன்றாக முன்கூட்டியே வருகின்றன. அப்படி வரும் ஒவ்வொரு பாட்டும் தனி ஆல்பமாகப் பதிவாகிறது. பிறகு முழு ஆல்பம் வரும்போது அதே பாட்டு இன்னொரு பெயரின் கீழ் மறுபடி வருகிறது. பின்னணி இசை தனித் தொகுப்பாக வருவதும் உண்டு. நீங்கள் மூன்று மாதம் ஆசையாகக் கேட்ட ஓர் ஆல்பம் கணக்கில் ஐந்து துண்டாகச் சிதறிக் கிடக்கும்.

தானியங்கி வழி தேடி நேரம் செலவிடாதீர்கள். ஆல்பம் பெயர்களை மட்டும் தனித் தாளில் நகலெடுத்து, ஒரே பெயர் திரும்ப வருவதை நீக்கி, அகர வரிசையில் அடுக்குங்கள். பக்கத்துப் பத்தியில் சரியான பெயரைக் கையால் எழுதுங்கள். பிறகு ஒரு தாளிலிருந்து இன்னொன்றுக்குப் பொருத்தமான மதிப்பை எடுத்துவரும் 'விலுக்கப்' சூத்திரம் கொண்டு முதல் தாளில் அந்தப் பெயரைக் கொண்டுவந்துவிடலாம். ஒரு மாலை நேரம் போகும். ஆனால் ஓராண்டு கேட்டதெல்லாம் வரிசையாகக் கண்முன் வரும்போது, மறந்தே போயிருந்த ஆல்பங்கள் திரும்பக் கிடைக்கும். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எதை எதோடு சேர்ப்பது? என் விதி இது: முன்கூட்டியே வந்த தனிப்பாட்டை முழு ஆல்பத்தோடு சேர்ப்பேன். 'சிறந்த பாடல்கள்' வகைத் தொகுப்பில் கேட்ட பாட்டை மூல ஆல்பத்தோடு சேர்க்க மாட்டேன். தொகுப்பைக் கேட்பது வேறு, அந்த ஆல்பத்தை அதன் வரிசையில் கேட்பது வேறு.

படி 4: எதை வைத்து எண்ணுவது?

எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் பட்டியல் கெட்டுவிடும். ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்வோம். ஆறு உருப்படிகள், மொத்தம் 75 நிமிடம், அதில் கச்சேரியின் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவி மட்டுமே பாதி. இதை முழுவதும் எட்டு முறை கேட்டால் 48 ஓட்டங்கள், 600 நிமிடங்கள். இன்னொரு திரைப்பட ஆல்பத்தில் ஒரே பாட்டை, நாலரை நிமிடம் ஓடுவதை, 60 முறை கேட்டால் 60 ஓட்டங்கள், 270 நிமிடங்கள். ஓட்ட எண்ணிக்கையில் திரைப்பாட்டு முந்தும். உங்கள் ஆண்டோடு கூட இருந்தது கச்சேரிதான் என்பது நிமிடக் கணக்கில்தான் தெரியும்.

ஆகவே பிவட் டேபிள் (வரிகளைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் எக்செல் அட்டவணை) போடும்போது இரண்டு கணக்குகளைக் கேளுங்கள். ஒன்று, ஓடிய நேரத்தின் கூட்டுத்தொகை; 60,000ஆல் வகுத்தால் நிமிடம். இரண்டு, அந்த ஆல்பத்தில் எத்தனை வெவ்வேறு பாட்டுகள் கேட்கப்பட்டன என்பது. இந்த இரண்டாவது கணக்கு சாதாரணப் பிவட் டேபிளில் கிடைக்காது. டேபிளை உருவாக்கும் பெட்டியின் அடியில் 'டேட்டா மாடல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால்தான் 'டிஸ்டிங்ட் கவுண்ட்' தோன்றும்.

நிமிடத்தில் முன்னால் நிற்கும் முப்பது ஆல்பங்களை எடுங்கள். அவற்றில் பாதிப் பாட்டுகளைக்கூடத் தொடாதவற்றை விலக்குங்கள். மீதியிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுப்பதை எண்ணிடம் விடாதீர்கள். மூன்றே முறை கேட்டும் மனத்தை விட்டு நீங்காத ஆல்பம் ஒன்று இருந்தால் அது கட்டாயம் உள்ளே வர வேண்டும். ரெக்கார்டிலோ சிடியிலோ கேட்டவை எந்தக் கோப்பிலும் இருக்காது. அவற்றையும் நினைவுகூர்ந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: குறிப்பு எழுதுவது

வெறும் அட்டைப் படங்களை ஒட்டி அனுப்பினால் பார்ப்பவர் ஒரு நொடியில் கடந்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள். வந்த ஆண்டு, முக்கியமான கலைஞர்கள், எந்த உருப்படியிலிருந்து தொடங்கலாம் என்பது, இவை இருந்தால் போதும். 'அருமை', 'வேற்றுலகம்' போன்ற சொற்கள் யாரையும் கேட்க வைக்காது. மாதிரிக்கு ஒன்று:

'ஹவ் டு நேம் இட்?', இளையராஜா, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட வாத்திய இசை ஆல்பம். வயலின் வி.எஸ்.நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்பதிலிருந்து தொடங்குங்கள். பாகின் வயலின் இசைக்குள் இளையராஜா எப்படி நுழைகிறார் என்று கவனியுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று தரவரிசை போடுவதை நான் விரும்புவதில்லை. முதலிடத்தைப் பற்றிய வாதத்தில் மற்ற ஒன்பதும் மறைந்துவிடுகின்றன. எந்த மாதத்தில் முதலில் கேட்டேனோ அந்த வரிசையில் அடுக்குகிறேன்.

படி 6: பகிர்வது

அட்டைப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்க டாப்ஸ்டர்ஸ் என்ற இணையதளம் போதும். மூன்றுக்கு மூன்று கட்டத்தைத் தாண்டாதீர்கள். கைப்பேசித் திரையில் பெயர்கள் தெரியாது. பத்தாவது ஆல்பத்தைக் குறிப்பில் மட்டும் எழுதலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு எழுத்து மங்கும். 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள்.

இணைப்பு கொடுக்கும்போது உங்கள் செயலியின் இணைப்பை மட்டும் கொடுத்தால், வேறு செயலி வைத்திருப்பவர் தேடித்தான் கேட்க வேண்டும். ஓடெஸ்லியில் ஆல்பத்தின் இணைப்பை ஒட்டினால் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஒரு பக்கத்தைத் தரும். சுயாதீனக் கலைஞரின் ஆல்பம் பேண்ட்கேம்பில் இருந்தால் அந்த இணைப்பையே முதலில் கொடுங்கள். அங்கே கணக்கு இல்லாமலே கேட்கலாம். பிடித்து வாங்கினால் பெரும்பகுதிப் பணம் கலைஞருக்கே போகும். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய, ஆண்டில் சில நாள்கள் மட்டும் வரும் 'பேண்ட்கேம்ப் வெள்ளி'களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். பட்டியலை அத்தகைய வெள்ளியன்று வெளியிட்டால் அந்தக் கலைஞருக்கு உண்மையான உதவி.

பின்சேர்க்கை 1

யூடியூப் மியூசிக்கில் கேட்பவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூகுள் டேக்அவுட் மூலம் வரலாற்றை வாங்கலாம், ஆனால் அதில் ஆல்பத்தின் பெயர் வராது. போன ஆண்டுக்கு, செயலியில் சேமித்துவைத்த ஆல்பங்களின் பட்டியலைப் பார்த்துக் கையால்தான் எழுத வேண்டும். வரும் ஆண்டுக்கு இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள். உலாவியில் வெப் ஸ்கிராப்ளர் நீட்சியை நிறுவி, லாஸ்ட் எஃப்எம் அல்லது லிசன்பிரெயின்ஸ் கணக்கோடு இணைத்தால் கேட்பவை பதிவாகிக்கொண்டே வரும். நான் லிசன்பிரெயின்ஸ் பக்கம். லாப நோக்கமில்லாத மெட்டாபிரெயின்ஸ் அறக்கட்டளை நடத்துவது, நிரல் திறந்த மூலம். ஆனால் அங்கே நீங்கள் கேட்பது எல்லோருக்கும் தெரியும். லாஸ்ட் எஃப்எம்மும் இயல்பாகப் பொதுவில்தான் இருக்கும், ஆனால் அண்மையில் கேட்டவற்றை மறைக்கும் வசதி அதில் உண்டு; அது வேண்டும் என்றால் அங்கே செல்லுங்கள். அதில் ஒரு பாட்டு பாதியாவது, அல்லது நான்கு நிமிடமாவது ஓடினால்தான் கணக்கில் ஏறும். நாற்பது நிமிடப் பல்லவியும் நான்கு நிமிடப் பாட்டும் அங்கே ஒன்றுதான் என்பதால், படி 4இன் நிமிடக் கணக்கு அங்கே பலிக்காது.

பின்சேர்க்கை 2

வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துவதால் முதல் இருபது இடங்களையும் குழந்தைப் பாட்டுகளே பிடித்துக்கொண்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். இதற்காகத்தான் கருவிப் பத்தியை வைத்துக்கொள்ளச் சொன்னேன். குழந்தைகள் பயன்படுத்தும் டேப்லெட்டோ ஸ்பீக்கரோ தனியாக இருந்தால், அந்தக் கருவியின் வரிகளை வடிகட்டி நீக்கிவிட்டுப் பிவட் டேபிளை மறுபடி புதுப்பியுங்கள். எல்லாம் ஒரே கைப்பேசியில்தான் என்றால், படி 3இன் பெயர்த் தாளில் குழந்தைப் பாட்டு ஆல்பங்கள் அனைத்துக்கும் 'குழந்தைகள்' என்று ஒரே பெயரைக் கொடுத்துவிடுங்கள். அவை ஒரே வரியில் ஒதுங்கிக்கொள்ளும்.