ஃபார்வர்டாக ஆடியவர் கல்லூரி அணியின் பயிற்சியாளராவது எப்படி?

பெரம்பூர், வியாசர்பாடி, இராயபுரம் பகுதிகளில் கூடைப்பந்து பழகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பெற்று, அந்த அணிக்குப் பல ஆண்டுகள் ஃபார்வர்டாக (கூடைக்கு அருகில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரராக) ஆடியவர்கள் பின்னாளில் கல்லூரி அணிக்குப் பயிற்சி தர விரும்பினால், ஆடிக்கொண்டிருக்கும் கடைசி ஆண்டுகளிலேயே அதற்கான ஆயத்தத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

எந்தப் பணியை நாடுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உடற்கல்வி இயக்குநர் பணிக்கு உடற்கல்வியில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும், நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பொதுவாகத் தேவை. ஓர் அணிக்கு மட்டும் மாலை வேளையில் பயிற்சி தருபவரைக் கல்லூரிகள் தனியாகவும் அமர்த்திக்கொள்வதுண்டு. அதற்குப் பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் மிகுந்த மதிப்புடையது. நீண்ட விடுப்பு கிடைக்காதவர்கள் அங்கு நடக்கும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பிலிருந்து தொடங்கலாம்.

பெயர் பெற்ற ஆட்டக்காரருக்கு எடுத்த எடுப்பிலேயே தலைமைப் பொறுப்பு கிடைப்பது நல்லதன்று என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஃபார்வர்டு டேனி மேனிங், முழங்கால் அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டி 2003 வரை ஆடியவர். ஓய்வுக்குப் பின் தாம் படித்த கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, மாணவ வீரர்களின் நலனைக் கவனிக்கும் சிறிய பொறுப்பில் அமர்ந்தார். பிறகு துணைப் பயிற்சியாளராகி, 2008இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது உடனிருந்து, 2012இல்தான் துல்சா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். அந்த இடைப்பட்ட ஆண்டுகளை வீணாகக் கழிந்த காலமாக நான் கருதவில்லை.

ஏனெனில் ஃபார்வர்டுக்கு உடம்பில் ஊறிய அறிவு சொல்லாக மாறக் காலம் பிடிக்கும். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் எகிறித் திரும்பும் பந்து, எங்கே விழும் என்று உங்களுக்குத் தானாகவே தெரியும். மாணவரிடம் "போய்ப் பிடி" என்றால் அவர் பந்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். ஷாட் கிளம்பியதும் பந்தைத் தேடாமல் எதிராளியைத் தேட வேண்டும், முன்கையால் அவரைத் தொட்டுணர்ந்து, திரும்பி முதுகால் தடுக்க வேண்டும், கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து முழங்காலை மடக்க வேண்டும், அதன் பிறகே பந்தைப் பார்க்க வேண்டும் என்று பாக்ஸ் அவுட் எனப்படும் இந்தத் தடுப்பைப் படிப்படியாகப் பிரித்துக் கற்பியுங்கள். பந்து தரையில் விழும்வரை எதிராளியை உள்ளே விடாமல் தடுப்பதை மட்டுமே பயிற்சியாக வையுங்கள்; யாரும் பந்தைப் பிடிக்க வேண்டாம். ஓரத்திலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும் என்பதையும், தாக்கும் அணி ரீபவுண்ட் எடுத்தால் அடுத்த எறிதலுக்கான கடிகாரம் 14 நொடியிலிருந்து ஓடும் என்பதையும் அப்போதே மனத்தில் பதியச் செய்யுங்கள்.

பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் கார்டுகளின் வேலையை ஃபார்வர்டாக ஆடியவர் தனியே கற்றாக வேண்டும். 8 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்வதன் நெருக்கடி, கூடைக்கு அடியில் நின்று பழகியவருக்கு எளிதில் புரியாது; நல்ல கார்டாக ஆடிய ஒருவரை வாரம் ஒருநாள் அழைத்து உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னைக் கல்லூரி மாணவர்களில் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பயிற்சி நேரத்தை வகுப்பதே முறை. சிமெண்ட் தளத்தில் குதிக்கும் பயிற்சிகளை அடுத்தடுத்த நாள்களில் வைக்காதீர்கள், முழங்கால் தாங்காது.

ஆட்ட நாளில், ஆட்டத்தை நிறுத்தி அணியுடன் பேசும் டைம் அவுட்டின் ஒரு நிமிடத்தில் இரண்டு செய்திகளுக்கு மேல் சொல்லாதீர்கள். முதல் பாதியில் இரண்டு டைம் அவுட்டும் இரண்டாம் பாதியில் மூன்றும் கிடைக்கும். கடைசி 2 நிமிடங்களில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், மூன்றில் ஒன்றை அதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள்.