மகள் பிரசவத்துக்கு அம்மாவை அமெரிக்கா அழைக்கிறீர்களா? விசா வேலையை இப்படிச் செய்யுங்கள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். மகள் டல்லாஸில் இருந்தால் என்ன செய்வது, தாய் வீடு விமானம் ஏறிப் போகவேண்டியதுதான். அதற்கு எடுக்க வேண்டியது பி1/பி2 எனப்படும் வருகையாளர் விசா. சென்ற வருடம் என் அம்மாவுக்கு நானே எல்லாவற்றையும் செய்தேன். ஏஜென்ட் இல்லாமலே முடியும், பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், அதனால் ஸ்கேன் பார்த்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். "பிரசவம்தானே, அவசரம் என்று சொன்னால் முன்னாடியே தேதி கொடுப்பார்கள்" என்று நானும் நினைத்தேன். கர்ப்பமாக இருக்கும் உறவினருக்கு உதவப் போவது அவசரக் காரணம் ஆகாது என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு விசா தருவதால், மகளுக்குக் கல்யாணம் ஆனதுமே எடுத்து வைத்தாலும் தப்பில்லை.

அடுத்து டிஎஸ்-160 என்ற ஆன்லைன் படிவம். அம்மா, அப்பா இருவரும் போவதாக இருந்தால் ஆளுக்கொன்று. முதல் பக்கத்தில் வரும் விண்ணப்ப எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், அந்த எண் இருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது, இனிஷியல்தானே! அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. இப்படி இருந்தால் இருக்கிற பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். நான் இது தெரியாமல் அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு, பிறகு படிவம் முழுவதையும் மறுபடி நிரப்பினேன். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்துகூட மாறாமல். கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளையும் கேட்பார்கள், அம்மாவின் ஃபேஸ்புக்கை மறந்துவிடாதீர்கள். படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்விக்கு, நீங்கள் உட்கார்ந்து நிரப்பியிருந்தால் ஆமாம் என்றே போடுங்கள்.

கட்டணம் தலைக்கு 185 டாலர், ரூபாயில் கட்டலாம். விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. பிறகு இரண்டு நாட்களுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்: ஒருநாள் விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும், இன்னொரு நாள் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை, கூட ஒருவர் வந்து வெளியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நேர்காணலைத் தமிழிலேயே முடிக்கலாம், அம்மா ஆங்கிலத்துக்காகப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம்தான். வருகிற எல்லாருமே அங்கேயே தங்கிவிடுவார்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது, திரும்பி வருவோம் என்று காட்டுவது நம் பொறுப்பு. ஊரில் வீடு, பென்ஷன், கல்யாணத்துக்கு நிற்கும் இன்னொரு பிள்ளை, இப்படி உண்மையில் இருப்பதைச் சொன்னால் போதும். மகள் மாசமாக இருப்பதை மறைக்கவே கூடாது. ஆனால் "குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்" என்பது ஆயா வேலைக்குப் போவது போலக் கேட்கும் என்பது என் எண்ணம். "மகளுக்குப் பிரசவம், கூட இருந்து பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வருவேன்" என்றார் அம்மா. அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை, நான் கொடுத்து அனுப்பியதை யாரும் கேட்கவும் இல்லை.

சிலர் "நான் இங்கிருந்து போய் அங்கே பிள்ளை பெறலாமா" என்று கேட்கிறார்கள். அது வேறு கதை. குழந்தைக்குக் குடியுரிமை வாங்குவதே முக்கிய நோக்கம் என்று அதிகாரி கருதினால் விசா இல்லை, 2020 ஜனவரியிலிருந்து விதி இது.

சரி, விசா வந்தாச்சு. விசா பத்து வருடம் என்றாலும், ஒரு தடவை எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம். ஐ-94 என்ற வருகைப் பதிவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று இருக்கும், இறங்கியதும் ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் முதல் ஆறு மாதம் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாமியார் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும் முன் மருத்துவக் காப்பீடு எடுங்கள், சர்க்கரை, பிரஷர் இருந்தால் அவற்றுக்கு எதுவரை கவர் ஆகும் என்று படித்துப் பார்த்து.

கடைசியாகப் பெட்டி. சாப்பாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். பிரசவ லேகியம், அங்காயப் பொடி டப்பாக்களில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருப்பதை அந்த அதிகாரிக்கு அம்மா எப்படி விளக்குவார், பாவம்.