110 கே.வி. லைனுக்கு டிஸ்டன்ஸ் ரிலே: மாட்டுவது, செட்டிங் போடுவது, கோளாறு பிடிப்பது

லைனின் வோல்டேஜையும் கரண்ட்டையும் வைத்து ஃபால்ட் எவ்வளவு தூரத்தில் என்று கணித்து, பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிதான் டிஸ்டன்ஸ் ரிலே. குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் 110 கே.வி. லைன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாறை மேட்டில் ஏறி இறங்குகிறது, பாலாற்று மணலைத் தாண்டுகிறது, கரும்பு வயல்களுக்கு மேலே ஓடி சப்ஸ்டேஷனைச் சேர்கிறது. பாறையில் நிற்கும் டவருக்கு எர்த் சரியாகக் கிடைக்காது. வயலில் கரும்புச் சோகையை (காய்ந்த தோகையை) கொளுத்தினால் சூடும் புகையும் கம்பிகளுக்கு நடுவே உள்ள காற்றின் இன்சுலேஷனைக் குறைத்துவிடும். இரண்டும் ஒரே லைன்தான், ஆனால் ரிலேயின் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு ஃபால்ட். இவற்றை அது சரியாகப் பிரித்தறிய வேண்டுமானால் வயரிங்கும் செட்டிங்கும் பிசகாமல் இருக்க வேண்டும். தவறான டிரிப்களில் பெரும்பாலும் ரிலே மேல் குற்றம் இருக்காது. பின்னால் போகும் வயரிலோ, உள்ளே போட்ட ஒரு எண்ணிலோதான் இருக்கும்.

இந்த விளக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான்: 40 கி.மீ. லைன், பேந்தர் கண்டக்டர், சி.டி. (லைன் கரண்ட்டைக் குறைத்து ரிலேக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) 400/1, பி.டி. (வோல்டேஜைக் குறைத்துத் தருவது) 110 கே.வி./110 வோல்ட்.

தொடங்கும் முன்

எல்.சி. (லைன் கிளியர், வேலை செய்வதற்கான அனுமதி) கையில் வாங்கி, லைன் டெட் என்று உறுதி செய்து, இரு பக்கமும் எர்த் போட்ட பிறகுதான் யார்டில் கை வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் 'பே'-யில் (ஒரு லைனுக்கான சப்ஸ்டேஷன் பகுதியில்) பேனல் வேலை செய்வதானால், சி.டி. டெர்மினலை முதலில் ஷார்ட் செய்யுங்கள். டாங் டெஸ்டரை ரிலே பக்கத்து வயரில் மாட்டி, கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகே லிங்க்கைத் திறக்கலாம். சி.டி. செகண்டரி திறந்துவிட்டால் பிரைமரி கரண்ட் முழுவதும் கோரை மேக்னடைஸ் செய்வதிலேயே போகும். திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும், ஆளையும் கொல்லும். பி.டி.க்கு விதி நேர் எதிர்: திறக்கலாம், ஷார்ட் மட்டும் ஆகவே கூடாது.

ரிலேயைப் பேனலில் வைப்பது

கட்-அவுட் அளவு ரிலேயுடன் வரும் படத்தில் இருக்கும். பாடி எர்த் ஸ்டட்டிலிருந்து பேனலின் காப்பர் எர்த் பட்டைக்கு நேராக, குட்டையாக ஒரு வயர் போக வேண்டும். பக்கத்து ரிலேயின் எர்த்தோடு சங்கிலி போலக் கோர்க்காதீர்கள். அடியில் கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்க மறக்க வேண்டாம், எலிக்கு ஒரு கேபிள் போதும். வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். பல ரிலேக்களின் மேல் வரம்பு 55 டிகிரி. கத்திரியில் ஏ.சி. இல்லாத கண்ட்ரோல் ரூமில், மூடிய பேனலுக்குள் அந்த எண்ணை நெருங்குவது கடினமில்லை.

டி.சி. சப்ளை

ரிலேயின் பெயர்ப்பட்டையில் உள்ள டி.சி. வோல்டேஜும் ஸ்டேஷன் பேட்டரியும் ஒன்றா என்று பாருங்கள். ரிலே இயங்கும் வோல்டேஜ் சரியாக இருந்தாலும் பைனரி இன்புட் வேறாக இருக்கலாம். 220 வோல்ட்டுக்கு அமைத்த இன்புட்டில் 110 வோல்ட் கொடுத்தால் பிரேக்கர் நிலை, பி.டி. ஃபியூஸ் ஃபெயில் எதுவுமே ரிலேக்குத் தெரியாது. டிஸ்ப்ளே மட்டும் அழகாக எரியும்.

110 வோல்ட் பேட்டரியில் பிளஸ்சுக்கும் எர்த்துக்கும் 55, மைனஸ்சுக்கும் எர்த்துக்கும் 55 என்று ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் 100, மறு பக்கம் 10 என்றால் எங்கோ டி.சி. எர்த் ஆகியிருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்யாமல் ரிலேயை இணைக்காதீர்கள்.

சி.டி. வயரிங்: நேரம் செலவிட வேண்டிய இடம்

முதலில் கோர். ஒரே சி.டி.யில் மீட்டரிங் கோரும் புரொடெக்ஷன் கோரும் தனித்தனியாக இருக்கும். மீட்டரிங் கோரில் ரிலேயை மாட்டினால் லோடில் எல்லாமே சரியாகத் தெரியும். ஃபால்ட் கரண்ட் வரும்போது கோர் சேச்சுரேட் ஆகி, ரிலேக்குப் பாதி கரண்ட்கூடப் போகாது.

அடுத்து போலாரிட்டி. ஒரு 9 வோல்ட் பேட்டரியும் முள் காட்டும் மில்லி ஆம்பியர் மீட்டரும் போதும். மீட்டரின் பிளஸ்ஸை சி.டி. செகண்டரி முனைகளில் எஸ்-1லும் மைனஸ்ஸை எஸ்-2லும் மாட்டுங்கள். பேட்டரி பிளஸ்ஸை பிரைமரி முனைகளில் பி-1லும் மைனஸ்ஸை பி-2லும் சட்டென்று தொடுங்கள். தொடும் கணத்தில் முள் முன்னே துள்ளினால் போலாரிட்டி சரி, எடுக்கும் கணத்தில் பின்னே துள்ளும். டி.சி. கொடுத்ததால் கோரில் காந்தம் தங்கும். செகண்டரியில் ஏ.சி. வோல்டேஜை மெல்ல ஏற்றி மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்கி, அதைப் போக்கிவிடுங்கள்.

பி-1 பஸ் பக்கம் இருந்து, எஸ்-2க்களைச் சேர்த்து ஸ்டார் போட்டால் ஸ்டார் லைன் பக்கம் இருக்கிறது என்று பொருள். ரிலே செட்டிங்கிலும் அதையே சொல்ல வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டால் ரிலே லைனுக்கு முதுகைக் காட்டி பஸ்ஸைப் பார்த்து நிற்கும்.

ஸ்டார் பாயின்ட்டுக்கு எர்த் ஒரே இடத்தில்தான். யார்டில் ஒன்று, பேனலில் ஒன்று என்று இரண்டு போட்டால், எங்கோ எர்த் ஃபால்ட் ஆகும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடும் கரண்ட் ரிலேயின் நியூட்ரலில் புகுந்து, நம் லைனை வீணாக டிரிப் செய்யும். கண்டுபிடிக்க எளிய வழி: போட்ட எர்த்தை ஒரு நிமிடம் கழற்றி 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பாருங்கள். மெக்கர் பூஜ்யம் காட்டினால் இன்னொரு எர்த் இருக்கிறது. லைன் டெட்டாக இருக்கும்போது, ரிலே பக்கத்து லிங்க்கைத் திறந்துவிட்டு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

பி.டி. வயரிங்கில் பேஸ்-நியூட்ரல் 63.5, பேஸ்-பேஸ் 110 வோல்ட் வருகிறதா, பேஸ் வரிசை சரியா என்று பாருங்கள். நியூட்ரல் வயர் துண்டாகியிருந்தாலும் லோடில் 63.5 ஏறக்குறைய சரியாகவே தெரியும், ஃபால்ட்டில்தான் குட்டு வெளிப்படும். அதனால் நியூட்ரலின் தொடர்ச்சியைத் தனியாகச் சோதியுங்கள். பி.டி. எம்.சி.பி.யின் (பி.டி. வயரிங்கைக் காக்கும் சிறு பிரேக்கரின்) துணை கான்டாக்ட் ரிலேக்கு வந்தாக வேண்டும். இல்லையென்றால் எம்.சி.பி. விழுந்ததை வோல்டேஜ் செத்த ஃபால்ட் என்று ரிலே எண்ணிவிட வாய்ப்புண்டு.

செட்டிங் கணக்கு

ஒரு கி.மீ.க்கு ரெசிஸ்டன்ஸ் 0.16, ரியாக்டன்ஸ் 0.4 ஓம் என்று வைத்துக்கொண்டால் இம்பீடன்ஸ் 0.431 ஓம், கோணம் 68 டிகிரி. 40 கி.மீ.க்கு 17.23 ஓம். இது பிரைமரி கணக்கு. சி.டி. விகிதம் 400-ஐ பி.டி. விகிதம் 1000-ஆல் வகுத்தால் 0.4. ஆக செகண்டரியில் 6.89 ஓம்.

ஜோன் என்பது ரிலே பார்க்கும் தூர எல்லை.

ஜோன் 1: லைன் இம்பீடன்ஸில் 80 சதவீதம், 5.51 ஓம், தாமதம் இல்லை. சி.டி., பி.டி., லைன் டேட்டா எல்லாவற்றிலும் சிறு பிழை உண்டு. முழு நூறும் வைத்தால் அடுத்த ஸ்டேஷனின் ஃபால்ட்டுக்கும் நம் பிரேக்கர் திறந்துவிடும்.

ஜோன் 2: குறைந்தது 120 சதவீதம், 8.27 ஓம். நேரம் 0.35 விநாடி அளவில்.

ஜோன் 3: அடுத்த லைனையும் தாண்டிப் பார்க்கும். 0.8 முதல் 1 விநாடி.

இறுதி எண்களை எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனைப் பிரிவு) தரும் செட்டிங் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கு அந்தத் தாளைச் சரிபார்க்க. ரிலே பிரைமரி மதிப்பு கேட்கிறதா, செகண்டரி மதிப்பு கேட்கிறதா என்று இருமுறை பாருங்கள். செகண்டரி கேட்கும் இடத்தில் பிரைமரி மதிப்பைப் போட்டால் இந்த லைனில் ஜோன் 1 இரண்டரை மடங்கு நீண்டுவிடும்.

எர்த் ஃபால்ட்டுக்கு கே-ஜீரோ (கரண்ட் எர்த் வழியே திரும்புவதற்கான திருத்த எண்) வேண்டும். ஜீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸிலிருந்து பாசிட்டிவைக் கழித்து, பாசிட்டிவின் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். ஜீரோ மூன்று மடங்கு என்றால் விடை 0.67. சில ரிலேக்கள் மூன்றால் வகுக்காத மதிப்பைக் கேட்கும், சில ரெசிஸ்டன்ஸையும் ரியாக்டன்ஸையும் தனித்தனியாகக் கேட்கும். மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள்.

பாறை மேட்டு டவர்களுக்கு வருவோம். எர்த் வயர் அறுந்த டவரோ, மரக்கிளை உரசலோ ஃபால்ட் வழியில் 40 ஓம் ரெசிஸ்டன்ஸைச் சேர்த்தால், செகண்டரியில் 16 ஓம், கே-ஜீரோ சேர்ந்தபின் ரிலே பார்ப்பது சுமார் 9.6 ஓம். 5.51 ஓம் விட்டமுள்ள மோ வட்டத்துக்குள் (ரிலே டிரிப் செய்யும் வட்ட எல்லைக்குள்) அது விழவே விழாது. எர்த் லூப்பில் குவாட் (நாற்கர) வடிவத்தைத் தேர்ந்து ரெசிஸ்டிவ் ரீச்சை (ரெசிஸ்டன்ஸ் பக்கம் எட்டும் அளவை) நீட்ட வேண்டும். 400 ஆம்பியர் லோடு என்பது செகண்டரியில் 63.5 ஓம், அதை நெருங்காத அளவில் நிறுத்துங்கள். இதற்கும் சிக்காத ஃபால்ட்டுக்கு 67-என் டைரக்ஷனல் எர்த் ஃபால்ட் ஆன் செய்திருக்க வேண்டும்.

இன்ஜெக்ஷன் டெஸ்ட்

முதலில் 63.5 வோல்ட் மூன்று பேஸிலும் இரண்டு விநாடி கொடுங்கள். வெறும் நிலையிலிருந்து நேராக ஃபால்ட் கொடுத்தால் ஸ்விட்ச்-ஆன்-டு-ஃபால்ட்டோ (லைனை ஆன் செய்யும்போதே ஃபால்ட் இருந்தால் டிரிப் செய்யும் வசதி) ஃபியூஸ் ஃபெயிலோ குறுக்கே வந்து குழப்பும். பிறகு மூன்று பேஸ், 1 ஆம்பியர், கரண்ட் 68 டிகிரி பின்தங்கி:

5.23 வோல்ட்டில் (95 சதவீதம்) ஜோன் 1 உடனே டிரிப் ஆக வேண்டும்.
5.79 வோல்ட்டில் (105 சதவீதம்) ஜோன் 1 அசையக்கூடாது, 0.35 விநாடியில் ஜோன் 2 வர வேண்டும்.
கோணத்தை 180 டிகிரி திருப்பினால் ஜோன் 1, 2 இரண்டும் வரக்கூடாது.

ஒற்றை பேஸில் எல்லை 5.51 × 1.67, அதாவது 9.2 வோல்ட். இங்கே மட்டும் எண் உதைத்தால் கே-ஜீரோ தவறு.

கடைசியில் பிரேக்கரை உண்மையாகவே டிரிப் செய்து பாருங்கள், இரண்டு டிரிப் காயிலையும் தனித்தனியாக.

சார்ஜ் செய்த பின்

இந்த லைனின் சார்ஜிங் கரண்ட் 7 ஆம்பியர் அளவில்தான். செகண்டரியில் 20 மில்லி ஆம்பியர்கூட வராது, அதை வைத்துத் திசையைத் தீர்மானிக்க முடியாது. 40 ஆம்பியருக்கு மேல் லோடு வரும் வரை காத்திருங்கள். எதிர் ஸ்டேஷனுக்கு போன் போட்டு, பவர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு, ரிலே காட்டும் மெகாவாட் குறியுடன் ஒப்பிடுங்கள். குறி தலைகீழ் என்றால் சி.டி. ஸ்டார் தலைகீழ்.

நியூட்ரல் கரண்ட் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பேஸ் கரண்ட்டுக்குச் சமமாக இருந்தால் ஒரு பேஸ் வரவில்லை. இரண்டு மடங்கு என்றால் ஒரு பேஸ் சி.டி. மட்டும் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. நியூட்ரல் சுத்தமாக இருந்தும் நெகட்டிவ் சீக்வென்ஸ் முழுதாக நின்றால், இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கிறது.

கோளாறு வந்தால் எங்கே தேடுவது

ரிலே டிரிப் காட்டியும் பிரேக்கர் திறக்கவில்லை: டிரிப் லிங்க், 86 மாஸ்டர் டிரிப், எஸ்.எஃப்.-6 அழுத்த லாக்-அவுட், டிரிப் காயில் என்ற வரிசையில் போங்கள். டிரிப் சர்க்யூட் சூப்பர்விஷன் அலாரம் முன்பே வந்து, யாரோ ரீசெட் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஈவென்ட் லிஸ்ட்டைப் பாருங்கள்.

மழை பெய்தால் மட்டும் டி.சி. எர்த்: மார்ஷலிங் கியோஸ்க்கின் (யார்டில் வயர்கள் வந்து சேரும் பெட்டியின்) ரப்பர் பீடிங்கும் ஹீட்டரும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே பார்க்க வேண்டிய வேலை.

பக்கத்து லைன் ஃபால்ட்டுக்கு நம் ஜோன் 1 விழுந்தது: டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை இறக்கி, ஃபால்ட் நேரத்து வோல்டேஜ், கரண்ட், கோணம் மூன்றையும் எடுத்து இம்பீடன்ஸை நீங்களே கணக்கிடுங்கள். 5.51-க்குள் வந்தால் டேட்டாவிலோ சி.டி., பி.டி.யிலோ பிழை. அதற்கு வெளியே வந்தால்தான் ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும்.

பகலில், ஒரே தூரத்தில், பேஸ்-பேஸ் ஃபால்ட் திரும்பத் திரும்ப: ரிலே சொல்லும் கிலோமீட்டரை டவர் எண்ணாக மாற்றிக் களத்துக்குப் போனால், கீழே கரிந்த சோகை கிடக்கிறதா என்று பாருங்கள். அதிகாலைப் பனியில் எர்த் ஃபால்ட் என்றால் இன்சுலேட்டர் அழுக்கு. இரு முனை ரெக்கார்டுகளையும் ஒப்பிட்டால் தூரம் இன்னும் துல்லியமாகும், ஆனால் இரண்டு ரிலேக்கும் ஜி.பி.எஸ். நேரம் ஒத்திருந்தால்தான்.