புண்ணாக்குக் கட்டியின் நடுவில்

ஆறு வார நாட்டுக்கோழிக் குஞ்சுகள், மொத்தம் 40. தீனி எடுப்பது குறைந்தது, இறக்கை தொங்கியது, எடை ஏறவே இல்லை. குடற்புழு மருந்து கொடுத்தேன், பலனில்லை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முன்பே போட்டாயிற்று. தவிட்டில் உமி அதிகமோ என்று சலித்தும் பார்த்தேன். ஒன்பது நாள் வீண்.

செத்த குஞ்சை அறுத்த கால்நடை மருத்துவர், வெளிறி மஞ்சளாக வீங்கியிருந்த ஈரலைக் காட்டி, "கடலைப் புண்ணாக்கு எப்படி இருக்கு?" என்றார். வெளியே நன்றாகத்தான் இருந்தது. கட்டியை உடைத்தால் நடுவில் பச்சைப் பூசணம்! அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுதான் ஈரலைக் கெடுத்திருக்கிறது. பூசணத்தைத் தட்டிவிட்டுக் காயவைத்தாலும் நஞ்சு தங்கிவிடுமாம். மூட்டையோடு குழியில் புதைத்தேன். குருணையும் தவிடும் அப்படியே; அதோடு புதிதாக ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கு, கொஞ்சம் சோயாப் புண்ணாக்கு. பத்து நாளில் இறக்கை நிமிர்ந்தது. அப்பாடா! இப்போதெல்லாம் கடையிலேயே ஒரு கட்டியை உடைத்துப் பார்க்கிறேன். கடைக்காரர் முறைத்தாலும் சரி.