கடல் ஏன் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது? கணக்குப் போட்டே பார்க்கலாம்

"நிலா கடலை இழுக்கிறது, அதனால் தண்ணீர் எழும்புகிறது" என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். அதை மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். நிலா ஒரு பக்கம்தானே இருக்கிறது, அப்புறம் பூமியின் மறுபக்கத்திலும் அதே நேரத்தில் கடல் ஏன் ஏறுகிறது? சூரியன் நிலாவைவிடப் பல மடங்கு பலமாகப் பூமியை இழுத்தும், ஓதத்தில் (கடல் இப்படி ஏறி இறங்குவதில்) மட்டும் நிலாவின் கை ஏன் ஓங்கியிருக்கிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாள், பேனா, போனில் உள்ள கால்குலேட்டர், அமாவாசை பௌர்ணமி போட்ட காலண்டர், இவ்வளவு போதும்.

படி 1: மூன்று புள்ளிகள்

தாளின் இடப்பக்கம் ஒரு பெரிய வட்டம் போடுங்கள், அது பூமி. வலப்பக்கம் தள்ளி ஒரு சின்ன வட்டம், அது நிலா. பூமியின் நடுவில் ஒரு புள்ளி, நிலாவைப் பார்த்த விளிம்பில் ஒன்று, எதிர் விளிம்பில் ஒன்று. நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. ஆக, அருகில் உள்ள புள்ளிக்கு நிலா சுமார் 3,78,000 கி.மீ., தூரத்துப் புள்ளிக்குச் சுமார் 3,90,800 கி.மீ.

தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும், நியூட்டன் சொன்னது அதுதான். 3,84,400-ஐ 3,78,000-ஆல் வகுத்து, வந்த விடையை அதே எண்ணால் பெருக்குங்கள்: 1.034. தூரத்துப் புள்ளிக்கும் அப்படியே செய்தால் 0.968. அதாவது நடுப்புள்ளியைவிட அருகில் 3.4 சதவீதம் கூடுதல், தூரத்தில் 3.2 சதவீதம் குறைவு.

படி 2: நடுப்புள்ளியைக் கழியுங்கள்

விஷயமே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாமல் படியுங்கள். பூமியை யாரும் ஆணியடித்து நிறுத்தி வைக்கவில்லை. நிலா இழுக்கிற இழுப்புக்குப் பூமி மொத்தமும் நிலாவை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது (பக்கவாட்டு வேகமும் இருப்பதால் மோதிக்கொள்ளாமல் இரண்டும் ஒரு பொதுவான புள்ளியைச் சுற்றுகின்றன). எல்லாமே சேர்ந்து விழும்போது பொதுவான இழுப்பு நமக்குத் தெரியாது, வித்தியாசம்தான் தெரியும். மூன்று பேர் ஒரே திசையில் ஓடுகிறார்கள், முன்னால் போகிறவர் கொஞ்சம் வேகம், கடைசி ஆள் கொஞ்சம் மெதுவு என்றால், நடுவில் ஓடுகிறவருக்கு இருவருமே தன்னைவிட்டு விலகிப் போவதாகத்தான் தெரியும். அருகில் உள்ள கடல் பூமியை முந்துகிறது, தூரத்துக் கடல் பின்தங்குகிறது. இரண்டு பக்கமும் மேடு வருவது இப்படித்தான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசம் பூமியின் சொந்த ஈர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான், அதனால் தண்ணீரை நேராகத் தூக்கவெல்லாம் முடியாது. கடல் பரப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளும் விசைதான் பெருங்கடல் முழுவதிலும் இருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் குவிக்கிறது. குளத்தில் ஓதம் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணமும் இதுதான், குவிப்பதற்கு அங்கே தண்ணீரும் இல்லை, தூரமும் இல்லை.

படி 3: சூரியன்

சூரியனின் நிறை நிலாவைப் போல 2.7 கோடி மடங்கு, தூரம் 389 மடங்கு. 2.7 கோடியை 389-ஆல் இரண்டு முறை வகுத்தால் கிட்டத்தட்ட 178 வரும், சூரியனின் இழுப்பு அத்தனை மடங்கு பெரியது. ஆனால் நமக்கு வேண்டியது வித்தியாசம், அது இன்னும் வேகமாக, தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். அதனால் 389-ஆல் இன்னொரு முறை வகுங்கள்: 0.46. சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை!

படி 4: கடிகாரமும் காலண்டரும்

பூமி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், நம் ஊர் மறுபடி நிலாவுக்கு நேரே வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. மேடு இரண்டு என்பதால் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்கும், ஓதம் பெரிதாகும். அட்டமியை ஒட்டிச் செங்குத்தாக நின்று ஒன்றையொன்று குறைக்கும், ஓதம் சிறுக்கும். பல கடற்கரைகளில் பெரிய ஓதம் ஓரிரு நாள் தள்ளித்தான் வரும், காலண்டரோடு அப்படியே பொருந்தவில்லையே என்று குழம்பாதீர்கள்.

படி 5: படத்தை ஓரமாக வையுங்கள்

இதுவரை போட்ட படம் தாளத்தைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. நிலநடுக்கோட்டில் நிலாவுக்கு நேர்க்கீழான இடம் மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 4 கி.மீ. ஆழக் கடலில் ஓத அலையால் மணிக்கு 700 கி.மீ. அளவில்தான் போக முடியும், நடுவே கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. அதனால் உயரத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழமும் கரையின் வடிவமும்தான். இதற்கான கணக்கை 1770-களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் எழுதினார்.

சென்னையில் பெரிய ஓதத்திலும் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை போகிறது, காரணம் அது உள்ளே போகப் போக ஒடுங்கி, ஆழமும் குறைந்துகொண்டே வருகிறது. அங்கே அலாங்கில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். பெரிய ஓதம் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துக் கப்பலை வேகமாகக் கரையை நோக்கிச் செலுத்துவார்கள், சில மணி நேரத்தில் நீர் வற்றியதும் பல்லாயிரம் டன் கப்பல் சேற்றில் தரைதட்டி நிற்கும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை! அங்கே தண்ணீர் உள்ளே போய்த் திரும்பச் சுமார் 13 மணி நேரம் ஆகிறது, நிலாவின் 12 மணி 25 நிமிடத்துக்கு மிக அருகில் இருப்பதால் ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதோடு சேர்ந்து வளர்கிறது.

படி 6: சரிபாருங்கள்

இந்தியத் துறைமுகங்களுக்கான ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. உங்களுக்குப் பக்கத்துத் துறைமுகத்தை எடுத்து, இரண்டு வாரத்துக்கான உயரங்களை வரைபடத் தாளில் குறியுங்கள். வரைபடம் அகலமாகி ஒடுங்குவது தெரியும். ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமாக இல்லாவிட்டால், நிலா நிலநடுக்கோட்டுக்கு நேரே இல்லாமல் வடக்கிலோ தெற்கிலோ தள்ளி இருப்பதுதான் முக்கியக் காரணம். அட்டவணையில் உள்ள உயரம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல, தாழ் ஓதத்தை ஒட்டிய ஒரு மட்டத்திலிருந்து அளந்தது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புயல்காற்று தள்ளிவரும் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது, அந்த நாட்களில் வானிலை எச்சரிக்கையை மட்டும் நம்புங்கள்.