செக் எஞ்சின் லைட் எரிகிறதா? பாகத்தை மாற்றும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை

எஞ்சின் லைட் எரிந்தால் நம்மூரில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோவோம், ஸ்கேனர் போடுவார்கள், கோளாறைக் குறிக்கும் ஓர் எண், அதாவது ஒரு கோட் வரும். அந்தக் கோட்டில் எந்தச் சென்சரின் பெயர் இருக்கிறதோ அதைக் கழற்றிப் புதிது போடுவார்கள். சில நாளில் லைட் திரும்பவும் எரியும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாகம் இல்லாமல் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தால் காசும் போய் நாளும் போய்விடும். கோட் சொல்வது எஞ்சின் கம்பியூட்டர் கண்ட அறிகுறியை மட்டும்தான். எந்தப் பாகம் பழுது என்பதை நாம்தான் தேட வேண்டும். அந்தத் தேடலில் பாதியை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

தேவையானவை: காரின் கோட்களைப் படித்துப் போனுக்குப் புளூடூத்தில் அனுப்பும் ஓபிடி அடாப்டர், அதற்கான போன் செயலி, ஒரு மல்டிமீட்டர், அரை மீட்டர் ரப்பர் ஹோஸ், மூடியுள்ள கண்ணாடிப் போத்தல். காரை வெளியில் நிறுத்திச் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் புகை உயிருக்கே ஆபத்து.

படி 1: லைட்டைப் பாருங்கள்

சாவியை ஓன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கக்கூடும். பாவித்த கார் வாங்கப் போகும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓடும்போது லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடுவரை வரலாம். விட்டுவிட்டு மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் பலமாக மிஸ் ஆகிறது, அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் சரியாக எரியாமல் தவறுகிறது என்று அர்த்தம். எரியாத பெற்றோல் சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய் எரிந்து அதைப் பழுதாக்கிவிடும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யும் செலவைவிட அதை மாற்றும் செலவு பல மடங்கு.

படி 2: பற்றரி

வோல்ட் குறைந்தால் சென்சர்கள் கண்டபடி கணக்குக் காட்டும், சம்பந்தமில்லாத கோட்கள் வரும். மல்டிமீட்டரைப் பற்றரி முனைகளில் வைத்துப் பார்த்தால், எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஸ்டார்ட் அடிக்கும் நேரம் 10க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியையும் அதன் முனைகளையும் கவனியுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் சார்ஜ் அளவைக் கம்பியூட்டரே கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு தரம் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 3: கோட்டை எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகளுள்ள சொக்கட் ஒன்று இருக்கும். அடாப்டரை அதில் செருகி, சாவியை ஓன் செய்து, செயலியைத் திறந்து கோட்களைப் படியுங்கள். 2000க்கு முந்திய ஜப்பான் உள்நாட்டுக் கார்கள் பலவற்றில் மலிவான அடாப்டர் இணையாது. அதற்காகக் காரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

கோட்டோடு 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று ஒரு பகுதி வரும். கோட் பதிந்த அந்த நேரம் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, சுமை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கோட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழியும். கராஜில் முதல் வேலையாகக் கோட்டை அழிப்பவர்களைத் தடுத்து நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடிக்கடி வருபவை சில. பி0171 என்றால் கலவையில் பெற்றோல் குறைவு அல்லது காற்று அதிகம். பி0172 அதன் எதிர். பி0300 எந்தச் சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங், பி0301 முதலாவது சிலிண்டர், பி0302 இரண்டாவது. பி0420 கொன்வேட்டரின் வேலைத்திறன் குறைவு.

படி 4: ஃபியூவல் டிரிம், இதில்தான் விடை இருக்கிறது

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பெற்றோல் முழுமையாக எரிய, நிறைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஒக்சிசன் சென்சர் கலவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல, கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ சமன்செய்யும். எத்தனை விழுக்காடு கூட்டியது, குறைத்தது என்பதுதான் டிரிம். செயலியில் குறுங்கால டிரிம், நீண்டகால டிரிம் என இரண்டு தெரியும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

மொத்தம் கூட்டல் பத்துக்கும் கழித்தல் பத்துக்கும் இடையில் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. பல கார்களில் இருபது, இருபத்தைந்தைத் தாண்டினால்தான் லைட் எரியும். அதாவது லைட் எரிவதற்கு வெகு முன்னரே டிரிம் உங்களுக்குச் சேதி சொல்லிவிடும். லைட் எரியாத நாளிலும் மாதம் ஒருமுறை இதைப் பார்த்து எழுதி வைக்கச் சொல்வேன்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் (அக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடவிட்டு) ஒரு தரம், நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்து ஒரு தரம், பிறகு ஒருவர் ஓட்ட மற்றவர் பார்த்தபடி, றோட்டில் நன்றாக அழுத்தி ஓடும்போது ஒரு தரம் குறியுங்கள்.

ஐட்லிங்கில் கூட்டல் அதிகம், சுற்று ஏற ஏறக் குறைகிறது என்றால் எங்கோ வெளிக்காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐட்லிங்கில் சரி, அழுத்தி ஓடும்போது ஏறுகிறது என்றால் பெற்றோல் போதுமான அளவு வரவில்லை: பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். எல்லா நிலையிலும் கூட்டல் என்றால் காற்றை அளக்கும் மாஃப் சென்சரில் அழுக்கு இருக்கலாம், பெற்றோல் அழுத்தமும் குறைந்திருக்கலாம். கழித்தல் அதிகமென்றால் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகல், அழுத்தம் அதிகம், அல்லது எஞ்சின் சூட்டைத் தவறாகச் சொல்லும் சென்சர். கடைசியானதைச் சோதிப்பது சுலபம். இரவெல்லாம் நின்ற காரில் காலையில் சாவி ஓன் செய்து கூலன்ட் சூட்டைப் பாருங்கள். நம்மூர்க் காலைக்கு 25 முதல் 30 பாகை காட்ட வேண்டும். கழித்தல் 40 காட்டினால் சென்சரின் வயர் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. சில சிறிய கார்களில் மாஃப் இருக்காது, மனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர்தான் இருக்கும். அவற்றில் காற்றுக் கசிவு டிரிமை அவ்வளவாக மாற்றாது, ஐட்லிங் சுற்றுத்தான் கூடி நிற்கும்.

பி0171 வந்ததும் ஒக்சிசன் சென்சரை மாற்றுவதை நிறையப் பார்க்கிறோம். அந்தச் சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

படி 5: காற்றுப் பக்கம்

எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சின்வரை போகும் ரப்பர் குழாயை மடிப்பு மடிப்பாக விரித்து வெடிப்புப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைச் சிறிய வக்யூம் (உறிஞ்சல்) குழாய்கள் பக்கம் நகர்த்துங்கள். கசியும் இடத்தில் சீறல் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஃபேன் பெல்ட்டில் ஹோஸோ உடுப்போ சிக்காமல் கவனம். சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் முறையைத் தொடக்கக்காரர்கள் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். மாஃப் சென்சரைத் துடைக்க வேண்டாம்; அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள்.

படி 6: பெற்றோல் பக்கம்

சாவியை ஓன் செய்ததும் பின்சீட் பக்கம் இரண்டு வினாடியளவு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். பல கார்களில் அது பெற்றோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். கேட்காவிட்டால் முதலில் பியூஸ், ரிலே. கேட்டால் பம்ப் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, அழுத்தத்தை அளக்க வேண்டும். சாதாரண இன்ஜெக்டர் கார்களில் அது ஏறத்தாழ 3 பார். அளப்பதைக் கராஜில் விடுங்கள்.

பெற்றோலையும் சந்தேகியுங்கள். 2022 தட்டுப்பாட்டில் கேன்களில் சேர்த்து வைக்கும் பழக்கம் பரவியது, இன்னும் சில வீடுகளில் போகவில்லை. நாள்பட்ட பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடுவதால் ஸ்டார்ட் எடுக்கத் தாமதமாகும். சரியாக மூடாத கேனில் தண்ணீரும் சேரும். கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாக நிற்கும். சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. பெற்றோல் அடித்துச் சில கிலோமீற்றருக்குள் கோளாறு தொடங்கியதென்றால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

டீசல் வான், பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரை மாரிக்கு முன்னும் பின்னும் இறக்கிவிடுங்கள். கொமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப்பை ஒருபோதும் தளர்த்த வேண்டாம். உள்ளே அழுத்தம் 1000 பாருக்கு மேலும் ஏறும், சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

படி 7: பொறிப் பக்கம்

ஒவ்வொரு பிளக்குக்கும் பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் தனிக் கொயில் உள்ள காரில் காசில்லாத ஒரு சோதனை உண்டு. பி0301 வந்திருக்கிறதென வைத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்து, முதலாவது கொயிலை இரண்டாவதோடு மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். புதிதாகப் பி0302 வந்தால் கொயில்தான் பழுது. அதே இடத்தில் நின்றால் பிளக்கையும் அதே போல மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், வயரிங், கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பக்கம் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டர் வேகன் ஆர், ஆல்டோவில் ஒன்று மிஸ்ஸானாலே கார் முழுக்க உதறும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் தானாக நின்று நின்று ஓடுவதால் இந்தச் சோதனைகளுக்கு எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடும் இன்ஸ்பெக்‌ஷன் மோட் வேண்டும். உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே கூடாது.

படி 8: உப்பும் எலியும்

கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, அக்கரைப்பற்று என்று கடலோரம் நிற்கும் கார்களில் கனெக்டர் ஊசிகள் பச்சை பிடித்திருப்பது சாதாரணம். மாரியில் இது கூடும். எஞ்சினை ஓடவிட்டு, ஃபேனிலிருந்து விலகி, சந்தேகமான கனெக்டரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஐட்லிங் தடுமாறினால் அங்கேதான் கோளாறு. கொன்டாக்ட் கிளீனர் அடித்து அழுத்திப் பூட்டினால் பல தடவை சென்சரே வாங்க வேண்டியிருக்காது. கொஞ்சநாள் நின்ற காரென்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

படி 9: சரிபார்த்தல்

வேலை முடிந்த பிறகுதான் கோட்டை அழிக்க வேண்டும். அழித்ததும் கம்பியூட்டர் பழகி வைத்த கணக்கும் போய்விடும், அதனால் முதல் சில மைல்கள் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறலாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை போய்வாருங்கள்: சந்தி நெரிசலும் நேரான றோட்டும் இரண்டும் கிடைக்கும். வந்து டிரிமைப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். மிஸ்ஸிங்கோடு பி0420உம் வந்திருந்தால், மிஸ்ஸிங் தீர்ந்து சில வாரம் ஓடும்வரை கொன்வேட்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

இன்னும் சரிவரவில்லையென்றால், கோட், ஃப்ரீஸ் ஃபிரேம், மூன்று டிரிம் எண்கள், எப்போது வருகிறது (குளிரிலா, சூட்டிலா, மழைக்குப் பிறகா) என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக் அண்ணனிடமோ நானாவிடமோ கொடுங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் போனட்டைத் திறப்பார்.